இருநூற்றெண்பது வெள்ளி

கூண்டின் கொக்கியை மாட்ட மறந்தது நான்தான்.
இதை ரெஜினா எத்தனை முறை சொன்னாள்
என்று எண்ணி முடிப்பதற்குள்
கிறிஸ்துமஸுக்கு ஆறு நாள் என்பது ஐந்தாகிவிட்டது.

ரெலாவ் பண்ணையில் இருநூற்றெண்பது வெள்ளி.
பஸ் ஓட்டுகிறவனுக்கு அது
நாலு ஓவர்டைம்,
வீட்டில் சொன்ன ஒரு நீளமான பொய்.

நாம் வான்கோழி என்கிறோம்.
மலாயில் அது ஒல்லாந்துக் கோழி.
இங்கிலீஷில் ஏதோ ஒரு நாட்டின் பெயர்.
சீனர் சொல்வதைத் தமிழாக்கினால்
வேறொரு பறவை வந்து நிற்கும்.
எந்த ஊர் என்று யாரும் ஒத்துக்கொள்ளாத அது
பாலிக் பூலாவ் டுரியான் தோட்டத்தில்
ஒரே ராத்திரியில் குடியேறிவிட்டது.
என் அப்பாவுக்கு நீல ஐசி கிடைக்க
பதினொரு வருஷம் ஆயிற்று.

முதல் நாள் துரத்தினேன்.
துரத்தக்கூடாது என்பது அன்றைக்குத் தெரிந்தது.
முழங்காலில் இன்னும் இருக்கிறது, தெரிந்த அடையாளம்.
அந்தி சாய்ந்ததும் அது எழும்பியது,
யாரோ ஒரு சூட்கேஸை
மரத்தின் மேல் தூக்கி எறிந்த மாதிரி.
இவ்வளவு கனத்துக்குப் பறக்க வராது என்றுதான்
கூண்டுக்குக் கூரை போடாமல் விட்டிருந்தேன்.

இரண்டாம் நாள் உட்கார்ந்தேன்.
மூக்கு அரித்தது. சொறிந்தேன்.
நாலு மரம் தள்ளி ஒரு கழுத்து நீண்டது.
அவ்வளவுதான் இரண்டாம் நாள்.

ஆனால் காது கொடுத்ததில் ஒன்று பிடிபட்டது:
அது எதற்கும் பதில் சொல்லாமல் இருக்காது.
ரொட்டிக்காரரின் ஹார்னுக்கு,
கார்க் கதவு சாத்துவதற்கு, இடிக்கு,
டுரியான் விழும் தொம்முக்கு,
கீழே ரோட்டில் நின்று ரெஜினா
என்னைக் கூப்பிட்ட கூப்பாட்டுக்கு.
நான் பேசாமல் இருந்தேன். அதுதான் பதில் சொன்னது.

கடைசி ட்ரிப் முடிந்து
கொம்தாரில் காலி பஸ்ஸுக்குள் பழகினேன்:
தொண்டையில் எச்சிலைத் தேக்கி,
கன்னத்தை ஆட்டி, குளுகுளுகுளு.
துடைப்பத்தோடு ஏறிய நேப்பாளிப் பையன்
படியிலேயே நின்றான்.
தொண்டை சரியில்லை என்றேன்.

நாலாம் நாள். ஆறேகால் மணி, இன்னும் இருட்டு.
தலையில் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்
(டுரியானுக்குத் தெரியுமா நான் யார் என்று),
மடியில் கோணிச்சாக்கு.
ஒரு முறை கூப்பிட்டேன்.
ஓடைக்கு அப்பாலிருந்து
கொஞ்சம் கரகரப்பாகப் பதில் வந்தது.

பதினெட்டு வருஷமாக
முன்னால் எது நின்றாலும் ஹார்ன் அடித்தவன் நான்.
சும்மா இருப்பது
சம்பளம் இல்லாத உத்தியோகம்.
கொசுக்கள் முறைவைத்து வந்தன.
கூப்பிட்டேன். வந்தது.
விட்டுக் கூப்பிட்டேன். கிட்டே வந்தது.
நாற்பது நிமிஷம்.
இப்படி என்னோடு யாரும்
விடாமல் பேசி எத்தனை நாளாயிற்று
என்றுகூட ஒரு நினைப்பு வந்து போனது.
வாழைப் புதருக்குள் தவழ்ந்து
இலையை விலக்கினால்

இன்னொரு ஹெல்மெட்.
உப்பிய கன்னத்தோடு, பாதிக் குளுகுளுவில்,
தோட்டக்காரர் கூய் ஹொக் சூன்.
அவருடைய ஜாதிக்காய்க் கன்றுகள் ஒன்பதை
என் கிறிஸ்துமஸ் தின்றிருந்தது.

கொஞ்ச நேரம் இருவரும்
முட்டிபோட்டபடியே இருந்தோம்.
"உன்னுடையது அசல் மாதிரியே இருந்தது"
என்றார் மலாயில்.
"உங்களுடையதும்" என்றேன்.
பொய் இல்லை.

அப்போதுதான் கீழே ரோட்டில்
ரொட்டிக்காரரின் ஹார்ன்.
எங்கள் இருவர் முதுகுக்கும் பின்னாலிருந்து
ஒரு பதில்.

விழும் பழத்துக்காக விரித்த வலையில்
ஊஞ்சல் கட்டிக் கிடப்பதுபோல்
கால் மடக்கி உட்கார்ந்திருந்தது.
முதல் வெயில் பட்டு
இறக்கையில் செம்பும் பச்சையும்.
பன்னிரண்டடி. இருந்தால் பதிமூன்று.

கூய் மூச்சை நிறுத்தியது எனக்குக் கேட்டது.
கையில் சாக்கு இருந்தது.
மூக்கு அரித்தது.

சொறியவில்லை.