ஊதுகிறவனின் முகம்

வ்ரான்யேவில் கல்யாணம் என்றால்
எங்கள் ட்ரம்பெட் சத்தம் கேட்காமல்
மாப்பிள்ளை படியிறங்க மாட்டான்.
கோடையில் சனிக்கிழமைக்கு மூன்று கல்யாணம்.
வீடியோக்காரன் மணமகளை எடுப்பான், அப்பாவை எடுப்பான்,
என் முறை வரும்போது மட்டும்
ட்ரம்பெட்டின் அகன்ற வாய்க்குக் கேமராவைத் திருப்பிவிடுவான்.
பித்தளைக்குள் நான் தெரிவேன்,
வளைந்து, மஞ்சளாக,
ஆனால் பருக்களில் ஒன்றுகூடக் குறையாமல்.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.
மிளகாய் விழுதுதான் என்றான் டிரம் அடிக்கும் செவ்கெட்.
அவன் என்னைவிட இரண்டு மடங்கு தின்பான்,
கன்னத்தில் ஈ உட்கார்ந்தால் வழுக்கும்.
ஒரு பெண்ணைப் பிடி, போய்விடும் என்றார் எங்கள் டியூபாக்காரர்.
பெண்ணைப் பிடிக்கத்தானே ஐயா
முகம் கேட்கிறேன்?
அம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை,
சோப்பு சீக்கிரம் தீர்கிறதே என்றாள்.
நாளுக்கு ஆறு தரம்
சட்டி தேய்ப்பதுபோல் தேய்த்தேன்.
தோல்தான் கழன்றது.

டாக்டர் ஸோரித்சா
மருந்துச் சீட்டின் பின்புறம் ஒரு குழாய் வரைந்தார்.
"வாத்தியம் அடைத்துக்கொண்டால் வெளியே பாலிஷ் போடுவாயா?"
மாட்டேன்.
"அழுக்கு இல்லை, தம்பி. இது உள்ளே.
மயிர்க்காலின் வாயில்
உதிரவேண்டிய தோல் உதிராமல் ஒட்டிக்கொள்கிறது.
வயசுக்கு வந்த ஹார்மோன் பின்னாலிருந்து
எண்ணெயைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது.
எல்லோர் தோலிலும் குடியிருக்கும் கிருமி
அடைபட்ட இடத்தில் பெருகுகிறது.
உடம்பு சண்டைக்கு வருகிறது.
நீ பார்க்கும் சிவப்பு, அந்தச் சண்டை."
அப்பாவுக்கு முதுகில் குழிகள் உண்டா என்று கேட்டார்.
அப்பா சட்டையைக் கழற்றி
நான் பார்த்ததே இல்லை.

இரவில் பட்டாணி அளவு களிம்பு,
பருவுக்கு அல்ல, முகம் முழுக்க.
காலையில் இன்னொன்று.
அது தலையணை உறையை வெளுத்தது,
பிறகு எங்கள் குழுவின் சிவப்புச் சட்டைக் காலரை.
முதல் மாதம் முகம் இன்னும் மோசமானது.
பன்னிரண்டு வாரம் பொறு என்றிருந்தார்,
நான் ஒன்பதில் ட்யூபைத் தூக்கி எறிந்தேன்,
பத்தில் குப்பைக்கூடையைக் கிளறினேன்.
கன்னம் அடங்கியது.
தாடையும் முதுகும் அடங்கவில்லை.

அப்புறம் ரத்தப் பரிசோதனை, அப்புறம் மாத்திரை.
கொழுப்புள்ள சாப்பாட்டோடு விழுங்கச் சொன்னார்,
வாழ்க்கையில் முதல் தடவையாக
இரண்டாவது புரெக்குக்கு வைத்தியரின் சிபாரிசு.
மூன்றாம் வாரம் உதடு வெடித்தது.
உச்ச ஸ்வரத்தைப் பிடித்தபோது
ஊதுவாயில் உப்பு கரித்தது, பிறகு சிவந்தது.
மணமகளின் தாய் முகம் சுளித்தாள்.

"உதடா, முகமா, ஒன்றைச் சொல்" என்றார் அப்பா.
டாக்டர் இரண்டையும் சொன்னார்:
அளவைக் குறைப்போம்,
கல்யாணமே இல்லாத குளிர்காலத்துக்குத் தள்ளுவோம்.
அப்பா வெகுநேரம் எதுவும் பேசாமல்,
போகும்போது, தன் காலத்தில்
இப்படி ஒரு மாத்திரை உண்டா என்று கேட்டார்.
இருந்தது, ஆனால் யாரும்
கேட்க வரவில்லை என்றார் அவர்.

டிசம்பரில் வந்த ஒரே கல்யாணத்துக்கு
நான் பெரிய டிரம் அடித்தேன்.
டிரம்முக்கு உதடு வேண்டாம்.
செவ்கெட் என் ட்ரம்பெட்டை ஊதிப் பார்த்தான்,
நாய்கள் குரைத்தன.

இப்போது மே மாதம்.
தாடையில் இரண்டு குழிகள் தங்கிவிட்டன.
வெளுத்த காலரை அம்மா மாற்றவில்லை,
எனக்கும் மாற்றத் தோன்றவில்லை.
வீடியோக்காரன் பழக்கதோஷத்தில்
இன்றும் பித்தளை வாயையே குறிவைக்கிறான்.
உச்ச ஸ்வரத்துக்கு
ட்ரம்பெட்டை வானம் பார்க்கத் தூக்கவேண்டும்,
அதுதான் முறை.
நான் கொஞ்சம் இறக்கிப் பிடித்தேன்.