வலது மணிக்கட்டு

பகாவில் மழை விட்டதும்
ஆலையின் புளித்த எண்ணெய் வாடை
சன்னலேறி வந்து விசைப்பலகையில் உட்காரும்.
இரவு பதினொன்று. ஜெர்மனியில் ஆவணக்காரர்கள்
குடையெடுத்து வீட்டுக்குக் கிளம்பும் நேரம்.
நான் அப்போதுதான் கோப்பைத் திறப்பேன்.

பகலில் செம்பனை ஆலைச் சம்பளக் கிராணி.
இரவில், கூலி இல்லாமல்,
ஒரு முகாமின் கைதி அட்டைகளைப் பெயர்களோடு பொருத்துகிறேன்.
என் பங்குக்கு வந்தவன் ஒரு காப்போ.
கைதிகளை மேய்க்க நாஜிகள் பொறுக்கிய கைதி.
புஜத்தில் பட்டை, மார்பில் பச்சை முக்கோணம்,
மற்றவர்களைவிட ஒரு கரண்டி சூப்பு அதிகம்.

சாட்சிகளில் அவனுக்குப் பெயர் கிடையாது. 'செம்பட்டை', அவ்வளவுதான்.
மண்வெட்டிக் காம்பால் என் தம்பியைக் கொன்றான் என்கிறார் ஒருவர்.
சுரத்தில் விழுந்த என்னை இரண்டு பேர் நடுவே செருகி
நிற்பவனாக எண்ண வைத்தான் என்கிறார் இன்னொருவர்.
இரண்டும் ஒரே வாரம் என்கிறார் மூன்றாமவர்.
நான்காமவர் தண்ணீர் கேட்கிறார்.
ஒலிநாடாவில் குவளையைக் கீழே வைக்கும் சத்தம்.
அப்புறம் வேறு பேச்சு.

ஏழு மாதம் ஆயிற்று.
ஹாலர், ஹெல்லர், ஹாலெர்ட்:
மூன்று கிராணிகள், மூன்று எழுத்து, ஒரே எண்.
முன்பு ரொட்டி சுட்டவன். ஒரு திருட்டு வழக்கு.
மருத்துவக் கொட்டகைப் பேரேட்டில் ஒரே ஒரு வரி:
வலது மணிக்கட்டு முறிவு.
காரணம் என்ற கட்டம் காலி.
அடித்ததில் உடைந்ததா
அடிபட்டதில் உடைந்ததா.

அவர்கள் விடியலில் தலையெண்ண நிறுத்தியதற்கு
தமிழில் சொல் தேடவேயில்லை நான்;
'பெரட்டு' என்று விரல் தானாகவே அடித்துவிட்டது.
அழித்தேன்.
இங்கே பெரட்டில் நின்றவர்கள் வசவு வாங்கினார்கள், பசித்தார்கள்,
சாயங்காலம் லயத்துக்குத் திரும்பினார்கள்.
ஒருவர் சாவின்மேல் இன்னொருவர் போர்வையைப் போர்த்தக் கூடாது.

அழித்த மறுநாள் டயர் கடை ரெங்கன் வந்து நின்றார்.
"நீ செத்தவங்க பேரு கண்டுபிடிப்பியாமே."
அவர் அப்பா சன்னாசி
ஜப்பான்காரன் காலத்தில் நாற்பது பேரோடு சயாம் ரயில் போட்டவர்.
தண்டலாகப் போனார். ஒன்பது பேர் திரும்பினார்கள்.
"பெரியக்காவப் பொண்ணு கேட்டு ஒருத்தனும் வரல.
நல்லவருன்னு எழுதித் தரச் சொல்லல.
என்ன செஞ்சாருன்னு மட்டும்."

சயாமுக்குப் பேரேடு இல்லை; எரித்துவிட்டார்கள்.
எனக்குக் கிடைத்தது கரையான் தின்ற ஒரே தாள்.
'சின்னாசி, மண்டோர், 41.'
நாற்பத்தொன்று வயதா, ஆட்களா, அரிசிப் படியா
தெரியவில்லை.
உடம்பில் ஏதும் காயம் இருந்ததா என்று கேட்டேன்.
"இடது காது கேக்காது" என்றார்.
"யாரு அடிச்சதுன்னு நாங்க கேட்டதில்ல."
தாளின் நகலை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.
போகும்போது, என் பின்சக்கரத்தில் காற்று கம்மி என்று சொல்லி
தானே அடைத்துவிட்டுப் போனார்.

இன்று காலை ஆலையில் மேனேஜர் சொல்கிறார்:
அந்த பங்களாதேஷ் பையனை மண்டோராகப் போடு,
தொண்ணூறு ரிங்கிட் கூட்டிப் போடு,
அவன் ஆட்களை அவனே பார்த்துக்கொள்வான்.
கடப்பிதழில் ஷொஹிதுல். பெர்மிட்டில் சாஹிடல்.
போன வருஷம் நானே அடித்தது 'சைடல்'.

பெயரை மட்டும் திருத்தினேன்.
பணி என்ற கட்டத்தில் துடிகோடு விட்டுவிட்டு மின்னிற்று.
கண்ணாடிக்கு வெளியே பதினெட்டுப் பேர் வரிசையில்.
இருபது நிமிஷம் முன்புவரை அவனும் அதில் நின்றான்.

"எங்க சைன் பண்ணணும், அக்கா?"

காட்டினேன்.
பேனாவை வலது கையில் பிடித்தான்.