மூக்கும் சாணைக்கல்லும்

பர்கூரில், மொபைல் கடை மாடியில்
ஞாயிற்றுக்கிழமை ஆங்கில வகுப்பு.
பலகையில் அன்றைக்கு ஒரு மரபுத்தொடர்:
மூக்கைச் சாணைக்கல்லிலேயே வைத்திரு.
"அப்படின்னா?" என்றார் ஷகிலா மிஸ்.
"ரத்தம் வரும் மிஸ்," பின்வரிசையில் யாரோ.
சிரிப்பு அடங்க நேரமானது.

நான் சிரிக்கவில்லை. தும்மினேன்.
கைக்குட்டையில் சாம்பல் நிறத்தில்
சனிக்கிழமை இரவு ஷிப்ட்.

ஜெகதேவி ரோட்டில் கிரானைட் பாலிஷ் வேலை.
எல்லாம் கப்பலேறும் கல்லறைக் கற்கள்.
போன மாதம் ஒருத்தி, எண்பத்தெட்டு வயது.
அவள் பெயரின் பள்ளங்களில் தேங்கிய சேற்றை
பல்துலக்கும் பிரஷ்ஷால் எடுத்தேன்,
எழுத்து எழுத்தாக.
பெயருக்குக் கீழே எப்போதும் அதே மூன்று சொற்கள்.
என்னவென்று கேட்டதற்கு
முனிரத்தினம் மேஸ்திரி சொன்னார்:
"நிம்மதியா ஓய்வெடுன்னு போட்டிருக்கு.
உனக்கில்ல."

ஓயாமல் உழைப்பது என்று பொருளாம்.
எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.
இனி சொந்தமாக ஒரு வாக்கியம், என்றார் மிஸ்.

எனக்கு வரும் ஆங்கிலம்
அந்த மூன்று சொற்கள்தான்.
பிழையில்லாமல் எழுதி நீட்டினேன்.

கொஞ்ச நேரம் பார்த்தார்.
சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு
பக்கத்துப் பையனின் நோட்டைக் கேட்டார்.