பிடிமானம்

"பாலம் எழும்புது" என்றேன்.
"எந்தப் பாலம்?" என்றார் குணாளன்,
பேருந்துச் சாவியோடு வாசலில் நின்று.
இரவு பதினொன்றுக்கு நாற்பது பேரைக்
கடல்மேல் ஓட்டிப் போகிறவருக்கு
அந்தப் பயம் நியாயந்தான்.
"கித்தாரோடது" என்றதும்
செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ரெலாவில் இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது
அலமாரி உச்சியில் கிடந்தது, உறையில்லாமல்.
முன்பிருந்தவர் விட்டுப்போனது,
வைத்துக்கொள், இல்லையென்றால் வீசு என்றார் வீட்டுக்காரர் தியோ.
துளைக்குள் டார்ச் அடித்தால்
ஜப்பானிய எழுத்தில் ஒரு சீட்டு,
கரப்பான் தின்ற மூலையோடு.
என்னைவிட நான்கு வயது மூத்தது.
நான் மூன்று கார்டுகள்தான் வாசிப்பேன்;
நாலாவதற்குச் சுண்டுவிரல் எட்டாது.

பாயான் லெப்பாஸில் என் வேலை
உருப்பெருக்கிக்குக் கீழே தூக்கல் தேடுவது.
பலகையில் ஒட்டவைத்த சில்லு
ஒரே ஒரு காலை மட்டும்
ஈயத்திலிருந்து மயிரிழை தூக்கியிருக்கும்.
நன்றாக உட்கார்ந்திருப்பதாகத்தான்
மற்ற கால்கள் சாதிக்கும்.
ஒரு ஷிப்டுக்கு எண்ணூறு பலகை.
அப்படிப் பழகிய கண்ணுக்கு
வீட்டில் ஒரு மரத்துண்டின் பின்விளிம்பில்
நிழல் விழுந்தால் தப்புமா?

பேருந்துச் சீட்டை நுழைத்துப் பார்த்தேன்.
இரண்டு மில்லிமீட்டர் போய் நின்றது.
நின்ற இடத்தில் பென்சில் கோடு,
பக்கத்தில் தேதி, மார்ச் ஒன்பது.

ஆறு கம்பியும் சேர்ந்து இழுப்பது
ஓர் ஆள் எடை என்றான் கடைக்கார ஊய்.
கம்பி விற்கிறவனே கம்பியைக் குறை சொன்னதால்
நம்பினேன்.
ஓர் ஆள், இரவும் பகலும்,
பிஸ்கட்டைவிட மெல்லிய பலகையில் தொங்குகிறான்.
வயிறு உப்பாமல் என்ன செய்யும்?

மெல்லிய கம்பி மாற்றினேன்.
அரைச்சுரம் கீழே இறக்கினேன்,
என் குரலும் அங்கேதான் குடியிருக்கிறது.
வாசித்து முடித்ததும் இன்னும் இரண்டு சுற்று தளர்த்தல்:
ஷிப்டு முடிந்தது, போ.
வெயில் பசையை இளக்கும் என்று
கார் பூட்டில் படுக்கவைப்பதே இல்லை.
கேமரன் மலைக்குப் போனபோது
பின்னிருக்கையில் பெல்ட் போட்டு வைத்தேன்;
நாத்தனார் இடித்துக்கொண்டு வந்தாள்,
தாப்பா வரை பேசவில்லை.

தொழிற்சாலைக் குப்பையில் ஈரங்காட்டும் அட்டைகள் உண்டு.
காய்ந்தால் நீலம், நனைந்தால் இளஞ்சிவப்பு.
கேட்டுத்தான் எடுத்தேன்.
ஆனாலும் வாயிற்காவலர், நேபாளத்துக்காரர்,
பையைத் துழாவினார்:
நாலு அட்டை,
'தின்னாதே' என்று எழுதிய பொட்டலம் ஒரு கைப்பிடி.
யாருக்கு என்றார்.
ஒருத்தருக்கு வயிறு உப்பியிருக்கு என்றேன்.
விட்டுவிட்டார்.

பினாங்கில் அட்டை சிவந்தேதான் கிடக்கும்.
தீவில் குடியிருந்துகொண்டு
நீலத்தை எதிர்பார்ப்பது அதிகம்.
படுக்கையறையில் வைத்துப் பார்த்தேன்:
பகலில் அவர் தூங்கும்வரை குளிர்சாதனம், நீலம்.
எழுந்து அணைத்ததும் மறுபடி சிவப்பு.
ஈரம் அல்ல, வறட்சியும் அல்ல,
இந்த மாறி மாறித்தான் ஒட்டை உரிக்கிறது என்று
புரிய இரண்டு வாரம் ஆயிற்று.
கூடத்து உள்சுவரோரம் கொண்டுவந்தேன்,
சாமிப்படத்துக்குக் கீழே,
சாம்பிராணி எட்டாத தூரத்தில்.
"நல்ல மூலை அதுக்கு" என்றார்.
ஆமாம் என்றேன்.

நேற்று மலையிலிருந்து மழை இறங்கியது.
அவருக்கு விடுப்பு.
சோறு, நெத்திலி சம்பல்,
இரண்டாவது தட்டுக்கு நான் இன்னும் வரவில்லை.
சீட்டை எடுத்தேன்.
அச்செல்லாம் மங்கி
எங்கே ஏறி எங்கே இறங்கினேன் என்பது போய்
பென்சில் கோடு மட்டும் இருந்தது.
நுழைத்தேன்.
மார்ச் கோட்டிலேயே நின்றது,
அக்டோபரில்.
கொஞ்சம் அழுத்தியும் பார்த்தேன்.

"பிடிச்சிருக்கு" என்றேன், சத்தமாகவே.
"உப்பு ஒரு கல்லு கூட" என்றார்
தட்டைப் பார்த்தபடி,
சமைத்தவர்.