ஒன்று இல்லை

நோட்டரியின் ஆள் படியேறி எண்ணுகிறான்,
ஒவ்வொன்றையும் பேனாவால் தட்டி.
பலுஸ்த்ர், இருபத்தொன்று.
ஒன்று இல்லை, என்கிறான்.
குறித்துக்கொள்கிறான்.

அந்த ஒன்றை எனக்குத் தெரியும்.
மூன்றாம் புயல் எச்சரிக்கை விழுந்த இரவு,
ரோஸ் ஹில்லில் ஒரு விளக்கில்லை,
கதவடியில் தண்ணீர் நாக்கை நீட்டிற்று.
தம்பி பர்சுராமேன், நாலரை வயது,
கீழே என்ன நடக்கிறதென்று பார்க்க
இரண்டு குட்டித்தூண்களுக்கு நடுவே தலையை விட்டான்.
போன தலை வரவில்லை.
மார்ஜரின் தடவினோம்.
காது சிவந்ததுதான் மிச்சம்.
தீயணைப்புக்காரரைக் கூப்பிடப் போனில் உயிரில்லை.
அப்பா ரம்பம் எடுத்தார்.
ரம்பப் பல்லுக்கும் பிள்ளையின் காதுக்கும் நடுவில்
தன் இடது கையை வைத்துக்கொண்டு அறுத்தார்.
அறுந்தது மரம் முழுக்க,
கை கொஞ்சம்.

துண்டை அம்மா எறியவில்லை.
மறுவாரமே அதில் ஃபராட்டா தேய்த்தாள்.
வயிறு பருத்த கட்டையல்லவா,
நடுவில் கண்ணாடி, விளிம்பில் செருப்புத்தோல்.
பள்ளிக்கூடத்தில் எங்கள் டப்பாவோடு
யாரும் டப்பா மாற்றிக்கொண்டதில்லை.

சொல்லைப் பிரித்துப் பார்த்தது வெகுகாலம் கழித்து.
பிரெஞ்சுக்கு முன் இத்தாலி,
அதற்கும் முன் கிரேக்கம்,
அங்கே அது மாதுளம்பூ.
பிஞ்சாகத் தொடங்கும் பூ,
அடி உப்பி, வாய் விரிந்து.
அட, என்றேன் சமையலறையில் தனியாக.
பூவை வைத்தா
இத்தனை வருஷம் மாவை நசுக்கினோம்.

தமிழில் என்னவென்று தேடினேன்.
கிராதி.
நம்முடையது என்று நிமிர்வதற்குள்
போர்த்துக்கீசியம் என்றது அகராதி.
சரி, அதுவும் கப்பலில் வந்ததுதான்.
பரசுராமனை எழுதத் தெரியாத குமாஸ்தா
பர்சுராமேன் ஆக்கி இறக்கிவிட்ட
அதே மாதிரித் துறை எதிலோ
அதையும் யாரோ எழுதிக்கொண்டிருப்பான்.

கைப்பிடி என்று ஒன்று இருக்கிறது.
யாரிடமும் வாங்காத சொல்.
என்னைக் கைப்பிடித்தவன்
இந்தப் படியில்தான் இறங்கிப் போனான்,
இரண்டு கையிலும் பெட்டி,
எதையும் தொடவில்லை.

மெல்பர்னிலிருந்து தம்பி கேட்கிறான்:
எத்தனை எழுதினான்?
இருபத்தொன்று.
என்னுடையதைச் சேர்க்கவில்லையா?
இல்லை, அது என் பையில் இருக்கிறது,
வெடிப்பில் மாவு காய்ந்தபடி.

கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு,
இங்கே ஒரே குளிர்,
காது வலிக்கிறது என்றான்.