மூன்றாவது பிரதி

நூறு வருஷம் நிற்கும் என்றுதான் விற்றார்கள்,
பொன்முலாம் பூசிய டிவிடி.
பதினெட்டாம் வருஷத்தில் பெட்டியைத் திறக்கிறேன்:
வட்டுகளின் ஓரத்திலிருந்து உள்நோக்கி
பூஞ்சணம் நடந்திருக்கிறது.
கொட்டாஞ்சேனையில் சுவரே வியர்க்கும்,
வட்டு என்ன செய்யும்.
உறைகளுக்கு நடுவே பல்லி முட்டை மூன்று.
ஒன்று பொரித்துப் போயிருந்தது.
எதையோ அந்தப் பெட்டி
பத்திரமாகத்தான் வைத்திருந்திருக்கிறது.

அடுத்தது கறுப்பு ஹார்ட் டிஸ்க்.
பதின்மூன்று மணிநேரம் கரண்ட் இல்லாத அந்தப் பங்குனியில்
போய்ப்போய் வந்த மின்சாரம் அதை அடித்தது.
செருகினால்
டிக். டிக்.
சொல்ல வந்ததை மறந்தவர்
நாக்கைத் தட்டுவதுபோல.

பதினோரு வருஷக் கலியாணங்கள்.
அரைவாசிப்பேர் இப்போது சேர்ந்தில்லை.

தர்சாயினி போன வாரம் எடுத்தாள்:
"அண்ணை, எங்கட படமெல்லாம் அழிச்சிட்டீங்கள்தானே?"
அதே கிழமை ஸ்காபரோவிலிருந்து ஒரு பெடியன்:
"அப்பா சிரிக்கிற படம் வேற எங்கயும் இல்லை.
ஆமர் வீதி மண்டபம். பின்வரிசை.
கையில சோடாப் போத்தல்."

இரண்டும் ஒரே கலியாணம்.

மாப்பிள்ளை பொம்பிளைக்குப் பின்னால், கொஞ்சம் மங்கலாய்,
நான் குவியம் வைக்காத இடத்தில் நின்று
அந்த மனிசன் சிரிக்கிறார்.
அழிக்கவில்லை.
கோப்புறையின் பெயரை மட்டும் மாற்றினேன்:
சோடாப் போத்தல்.

பம்பலப்பிட்டியில் இரண்டாம் மாடிக் கடை.
இஃப்ஹாம் ஒவ்வொன்றாய் மேசையில் வைக்கிறான்.
"இது சுத்துற சாதி, அஞ்சு வருஷம் ஓடும், விழுத்தக்கூடாது.
இது எஸ்எஸ்டி, விழுந்தாலும் பரவாயில்ல,
ஆனா கரண்ட் குடுக்காம வருஷக்கணக்கா வச்சா மறந்துபோகும் நானா."
காந்த நாடா?
"நாடா மலிவு. அதை வாசிக்கிற மெஷின் வேன் விலை."
மேகத்தில் போடலாமாம்,
மாதாமாதம் டொலரில் கட்டினால்.
மேகம் கண்டால் கொடியில் துணி எடுக்க ஓடுகிறவன் நான்.

உத்தரவாதம் மூன்று வருஷம் என்று முத்திரை குத்தினான்.
தட்டுக்குத்தான்.
உள்ளே நிற்கிறவர்களுக்கு இல்லை.

"மூணு பிரதி, ரெண்டு வகை,
ஒண்டு வேற வீட்டில இருக்கணும்."
காசை எண்ணிக்கொண்டே சொன்னான்.
இரண்டு வாங்கினேன், மூன்றாவதும் வாங்கினேன்.
வேற வீடு
அந்தக் கடையில் விற்கவில்லை.

வங்கி லாக்கருக்கு வரிசை.
தெகிவளைத் தம்பி வீட்டில் கொடுத்தால்
பிள்ளைகள் துடைத்துவிட்டு கார்ட்டூன் ஏற்றும்.
வெல்லம்பிட்டிச் சகலன் வீட்டுக்கு
களனி கங்கை வருஷம் தவறாமல் வந்துபோகும்.

மிஞ்சியது வத்தளை, மூன்றாம் மாடி.
குணநேசன்.
ஒரு லென்ஸுக்காக ஸ்டூடியோவைப் பிரித்துக்கொண்டவன்.
ஆறு வருஷம் பேச்சில்லை.
இந்தப் படங்களில் பாதி அவன் எடுத்தது,
எது பாதி என்று இப்போது எனக்குத் தெரியாது.

கதவைத் திறந்தவன் பையைப் பார்த்தான்,
என்னைப் பார்க்கவில்லை.
"எத்தனை டெரா?"
"நாலு."
அலுமாரியின் மேல்தட்டில் ஒரு பிஸ்கட் டின்.
உள்ளே சப்பாத்துப் பெட்டிகளில் சேர்த்த
ஈரம் உறிஞ்சிப் பொட்டலங்கள், முப்பது நாற்பது இருக்கும்.
அவற்றின் நடுவில் அவனுடைய தட்டு ஒன்று.
என்னுடையதைப் பக்கத்தில் வைத்து மூடினான்.
அந்த லென்ஸும் அங்கேதான் இருந்தது.
இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.
தேத்தண்ணி வந்தது, சீனி கூட.

படியிறங்கும்போது மேலேயிருந்து சொன்னான்:
"வருஷத்துக்கு ஒருக்கா வந்து கரண்ட் குடுத்துப் பார்."
"ஏன், நீ குடுக்கேலாதா?"
"பாஸ்வேர்ட் உன்னட்டத்தானே."

பாஸ்வேர்ட் ஒன்றும் நான் போடவில்லை.
ஓம் என்றேன்.
நீர்கொழும்பு வீதியில் பஸ் நின்றிருந்தது,
ஓடிப்போய் ஏறினேன்.