டிசம்பர் முப்பத்தொன்று, கணக்குக் கிளை

சுவருக்கு மை பூச மூன்று இலட்சம் மிச்சம் இருக்கிறது.
இரத்தம் சுத்திகரிக்கும் குழாய்க்கு ஒரு சதமும் இல்லை.
இரண்டும் ஒரே திரையில்
நாலு வரி இடைவெளியில் கிடக்கின்றன.
ஒன்றிலிருந்து மற்றதற்குள் ஊற்ற என்னால் ஏலாது.
அதற்கு நிதிப்பிரமாணம் உண்டு, படிவம் உண்டு,
கொழும்பில் ஒருவருடைய கையொப்பம் உண்டு.
அவர் லீவில்.

வவுனியாவில் மூன்று நாளாய் மழை.
வெளிநோயாளர் வரிசை
கிளினிக் கொப்பியைப் பொலித்தீனில் சுற்றி
நெஞ்சோடு அணைத்தபடி தகரத்தின் கீழ் நகர்கிறது.
ஏழாம் வாட்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர்,
தலைமாடு கால்மாடாய்.
ஆய்வுகூடத்தில் மருந்துக் கலவை முடிந்துவிட்டது.
"வெளியில செய்துகொண்டு வாங்கோ" என்று
படலைக்கு எதிர்க் கடையைக் காட்டுகிறார்கள்.
ஜெனரேட்டர் டீசலுக்கு நான் போன மாதம் எழுதிய வவுச்சர்
சிங்களத்தில் ஒரு கேள்வியோடு திரும்பி வந்திருக்கிறது.
பதில் எழுத சந்திமாவைத்தான் கேட்க வேண்டும்.

கையிருப்புக் கணக்கெடுக்க டயலிசிஸ் பிரிவுக்குப் போனேன்.
"பதினாலு செட்" என்றார் ஞானப்பூ மிஸ்ஸி,
அலுமாரியைத் திறக்காமலே.
"வெள்ளிக்கு ஆள் பத்தொன்பது."
பழைய பில் மூன்றும் தீர்ந்தால்தான் லொறி வெளிக்கிடும் என்று
விநியோகக்காரர் எனக்கும் சொல்லியிருந்தார்,
கோபமில்லாத குரலில்.

மூன்றாம் மெசினில் இராசகுலேந்திரன்.
நெடுங்கேணி முதல் பஸ், செவ்வாயும் வெள்ளியும்.
இருபத்தைந்து வருசம் தன் கிணற்றைக் குடித்தவர்.
"கிணத்துத் தண்ணிதான் காரணமெண்டு முடிவாச் சொல்லேல்லைத்தானே" என்பார்
சொந்தக்காரர் ஒருவரை விட்டுக்கொடுக்காத மாதிரி.

அவரைச் சுற்றி ஒன்பது மருத்துவ மாணவர்.
இடது முழங்கையில் புடைத்த நரம்பின்மேல்
ஒவ்வொருவராய் விரல் வைக்கிறார்கள்.
உள்ளே இரத்தம் இரைகிறது.
"தேன்பூச்சி மாதிரி எல்லே?" என்று சிரிக்கிறார்.
தமிழ் தெரியாத பிள்ளை ஒருத்தி
தான் பாடமாக்கிய ஒரேயொரு கேள்வியைக் கேட்கிறாள்:
"நோகுதா?"
"இல்லை மகள். பின்னால நிக்கிற தம்பியும் தொட்டுப் பாக்கட்டும்."

இந்தக் கையை அவர் பாடப்புத்தகமாய்த் தருகிறார்,
கிழமைக்கு இரண்டு தரம்.
வரவுப் பக்கத்தில் அதை எழுத
எனக்கொரு கட்டம் இல்லை.

இரண்டு மணிக்கு மை பூசுபவர்கள் வந்தார்கள்.
காசு திறைசேரிக்குத் திரும்ப முன்
பூசி முடிக்க வேண்டும் என்பது உத்தரவு.
வெளிச்சுவர் நனைந்து ஊறியிருந்ததால்
உள் ஓடைக்குப் பூசினார்கள்.
நல்லாய் இருந்த மஞ்சளுக்கு மேலே இளம்பச்சை.
மணம் தாங்காமல் ஞானப்பூ மிஸ்ஸி
யன்னல்களைத் திறக்க
தூவானம் உள்ளே வந்தது.

நாலரைக்கு அந்தத் தலைப்பு பூச்சியமானது.
கணக்கு சதத்துக்குச் சதம் பொருந்தியது.
சரி அடையாளம் போட்டேன்.

போகும்போது கதவடியில் நின்றார்,
சட்டைக் கையில் பச்சை ஒட்டியிருந்தது, காணவில்லை.
"பிள்ளை, வெள்ளி வரட்டோ?"

பதினாலுக்குள் அவர் எத்தனையாவது என்று
நான் மிஸ்ஸியைக் கேட்டிருக்கவில்லை.

"வாங்கோ" என்றேன்.
அதிகாரம் இல்லாமல், ஒதுக்கீடு இல்லாமல்.

ஐந்து பத்து பஸ்ஸுக்கு
குடை இல்லாத கையால் தலையை மூடிக்கொண்டு
ஓடினார், ஓடக் கூடாத மனிதர்.